பிரஸ்டோ 23 குவார்ட் கேனர்: ஆண்டுக் கணக்கோடு ஒரு மதிப்பீடு

கேனிங்குக்காக (உணவை ஜாடியில் அடைத்து வேகவைத்து, காற்றுப் புகாமல் நாள்பட வைக்கும் முறை) புத்தாண்டில் எழுதும் பட்டியல்கள் பெரும்பாலும் ஜாடிக் கணக்கில்தான் இருக்கின்றன: தக்காளி 50, பீன்ஸ் 100, சூப் 40. அந்த எண்ணை வைத்து வேலையின் அளவை அறிய முடியாது. நேரம் போவது ஈட்டில்தான். ஒரு ஈட்டில் ஏழு ஜாடி வைத்தாலும் இருபது ஜாடி வைத்தாலும் சூடேற, ஆவி வெளியேற, வேக, அழுத்தம் இறங்க ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே எந்தக் கேனர் (அதற்கான பெரிய அழுத்தப் பாத்திரம்) வாங்குவது என்பதற்கு முன், ஆண்டில் எத்தனை ஈடு என்று கணக்குப் போட்டுவிட வேண்டும். பிரஸ்டோவின் 23 குவார்ட் அலுமினிய கேனரை அந்தக் கணக்கோடுதான் இங்கே பார்க்கிறோம்.

வாரத்துக்கு இரண்டு பைன்ட் பீன்ஸ் திறக்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 104 பைன்ட். ஒரு பைன்ட் என்பது 473 மி.லி., இரண்டு பைன்ட் ஒரு குவார்ட்; ஒரு பைன்ட் ஜாடி என்றால் அதற்குச் சுமார் 450 கிராம் பச்சை பீன்ஸ் வேண்டும். மொத்தம் 47 கிலோ. பிரஸ்டோவின் 16 குவார்ட் கேனரில் ஒரே அடுக்காகப் பத்து பைன்ட்தான் நிற்கும், எனவே பதினோரு ஈடு. 23 குவார்ட்டில் இரண்டு அடுக்காக இருபது பைன்ட் நிற்பதால் ஆறு ஈட்டில் முடிந்துவிடும். இரண்டு அடுக்கு வைத்தாலும் வேகும் நேரத்தைக் கூட்ட வேண்டியதில்லை. குவார்ட் ஜாடிக்கு மட்டும் இந்த லாபம் கிடையாது, இரண்டிலும் ஏழுதான். பட்டியலில் இருப்பதெல்லாம் குவார்ட் என்றால் பெரியதற்குக் கூடுதலாகச் செலவழிக்கக் காரணமே இல்லை.

ஒரு ஈட்டுக்கு நேரம் எவ்வளவு? தண்ணீர் கொதித்து ஆவி வர இருபது நிமிடத்துக்கு மேல், காற்றை வெளியேற்ற 10 நிமிடம், அழுத்தம் ஏற ஐந்து முதல் பத்து, பீன்ஸ் பைன்ட் என்றால் வேக 20 (குவார்ட் என்றால் 25), தானாக ஆற அரை மணி முதல் முக்கால் மணி, வெயிட்டை எடுத்த பின் இன்னொரு 10. இரண்டு மணி நேரம் சர்வ சாதாரணம். எலும்பில்லாத கோழிக்கு வேகும் நேரமே குவார்ட்டுக்கு 90 நிமிடம், பைன்ட்டுக்கு 75. ஒரு நாளில் மூன்று ஈட்டுக்கு மேல் திட்டமிடுபவர்கள் மூன்றாவது ஈட்டில்தான் தவறு செய்வார்கள்.

இனி பாத்திரத்தின் குறை. பெட்டியோடு வருவது 15 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தத்துக்கான ஒற்றைத் துண்டு வெயிட். அழுத்தம் எல்லை மீறாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. நமக்கு வேண்டியது 11 பவுண்டு என்றால், மூடியில் இருக்கும் கடிகார முள் போன்ற மானியைப் பார்த்தபடி தீயைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். 25 நிமிடம் நிற்கலாம். 90 நிமிடம் நிற்பது தண்டனை. அதைவிடப் பெரிய சிக்கல், மானி காலப்போக்கில் பொய் சொல்லும். மூடியைக் கவிழ்த்து வைக்கும்போது இடிபட்டாலும் போதும், முள் நகர்ந்துவிடும்.

மானி 2 பவுண்டு கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 என்று நம்பி வேகவைக்கும்போது உள்ளே 9தான் இருக்கும். வெப்பத்தில் இது இரண்டரை டிகிரி செல்சியஸ் அளவு குறைவு. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் பாக்டீரியாவின் ஸ்போர்கள் (வெப்பம் தாங்கும் விதை போன்ற வடிவம்) அழியும் வேகம் பத்தில் ஒன்றாகிவிடும். இரண்டரை டிகிரியிலேயே அது கிட்டத்தட்டப் பாதியாகிறது. 25 நிமிடம் வெந்த ஜாடி பதினான்கு நிமிடம் வெந்ததற்குச் சமம். மூடி கச்சிதமாக ஒட்டியிருக்கும், உள்ளே நிறமோ மணமோ மாறாமலும் இருக்கலாம். அதனால்தான் மானியை ஆண்டுக்கொரு முறை ஒப்பிட்டுச் சோதிக்கச் சொல்கிறார்கள். 2 பவுண்டுக்கு மேல் பிசகினால் மானியையே மாற்ற வேண்டும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. பிரஸ்டோவே தனியாக விற்கும் மூன்று துண்டு வெயிட்டை வாங்கிவிடுங்கள். அடித்துண்டு மட்டும் வைத்தால் 5 பவுண்டு, ஒரு வளையம் சேர்த்தால் 10, இரண்டும் சேர்த்தால் 15. வெயிட் மெதுவாக, விடாமல் ஆடிக்கொண்டிருந்தால் உரிய அழுத்தம் இருக்கிறது என்று பொருள். மானியை நம்ப வேண்டாம், காதை நம்பினால் போதும். அடுத்த அறையில் வேறு வேலை பார்த்தபடியே கேட்கலாம். கேனரை வாங்கும் அன்றே இதையும் வாங்காவிட்டால் இந்த மதிப்பீட்டில் பாதி மதிப்பெண்ணைக் கழித்துவிடலாம்.

எந்த எண்ணை வைப்பது என்பது நீங்கள் இருக்கும் உயரத்தைப் பொறுத்தது. வெயிட் வைத்துச் செய்தால், கடல் மட்டத்திலிருந்து 305 மீட்டர் வரை 10 பவுண்டு, அதற்கு மேல் 15. மானியை வைத்துச் செய்தால் 610 மீட்டர் வரை 11, 1,220 வரை 12, 1,830 வரை 13, அதற்கு மேல் 2,440 வரை 14. உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், மானி அதே எண்ணைக் காட்டினாலும் உள்ளே வெப்பம் குறைந்திருக்கும். நேரத்தைக் கூட்ட வேண்டாம், அழுத்தத்தைத்தான் கூட்ட வேண்டும். ஜாடிகளை அழுத்தமில்லாமல் கொதிக்கும் தண்ணீரில் மூழ்கவைக்கும் கொதிநீர் முறையில் இது தலைகீழ்; அங்கே அழுத்தத்தைக் கூட்ட வழியில்லை என்பதால் நேரம் கூடும்.

போட்டி நிறுவனத்தின் கேனரான ஆல் அமெரிக்கன் 921 எப்படி என்ற கேள்வி கட்டாயம் வரும். வார்ப்பு அலுமினியம், 21.5 குவார்ட், ஏழு குவார்ட் ஜாடி அல்லது 19 பைன்ட் கொள்ளும். ரப்பர் வளையமே கிடையாது. மூடியும் பாத்திரமும் உலோகத்தோடு உலோகமாக உட்காரும், ஆறு திருகுகள் பிடித்துக்கொள்ளும். 5, 10, 15 துளையிட்ட வெயிட் பெட்டியிலேயே வருகிறது. அது விடாமல் ஆடாது, நிமிடத்துக்கு ஒன்று முதல் நான்கு முறை ஆடினால் சரி. தலைமுறை தாண்டி உழைக்கும் பாத்திரம் என்பதில் மறுப்பில்லை. ஆனால் வெறும் பாத்திரமே 9 கிலோவுக்குப் பக்கம். கண்ணாடித் தட்டு அடுப்புக்கு ஆகாது. எதிரெதிர்த் திருகுகளை இரண்டிரண்டாக இறுக்காமல் ஒரு பக்கமாக இறுக்கினால் மூடி சாய்ந்து ஆவி கசியும். உலோக விளிம்பில் லேசாக எண்ணெய்ப் பசை தடவாவிட்டால், ஆறிய பிறகு மூடி கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கு முப்பது ஈட்டுக்கு மேல் போகிறவர்களுக்கு அது சரி. பத்துப் பதினைந்து ஈடு போடுகிறவர்களுக்கு பிரஸ்டோவே போதும் என்பது எங்கள் முடிவு.

பிரஸ்டோவின் ரப்பர் வளையத்தையும் மூடியில் இருக்கும் பாதுகாப்பு அடைப்பானையும் மூன்றாண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். அதற்கு முன்பே ரப்பர் கெட்டிப்பட்டாலோ விளிம்பில் ஆவி சீறினாலோ காத்திருக்காதீர்கள். இந்த அலுமினியம் மெல்லியது. 12,000 பி.டி.யூ.வுக்கு (பர்னரின் வெப்பத் திறனைக் குறிக்கும் அளவு) மேற்பட்ட கேஸ் பர்னரிலும், வெளியே வைக்கும் பெரிய கேஸ் அடுப்பிலும் வைக்கக் கூடாது, அடி வளைந்துவிடும். இண்டக்‌ஷனில் இந்த மாடல் வேலை செய்யாது. அதற்கென்று வேறு மாடல் இருக்கிறது.

பயன்படுத்தும் முறையில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஆவி வெளியேற்றும் கட்டம். உள்ளே 3 குவார்ட் தண்ணீர் (தண்ணீர் உப்புப்படியும் ரகமானால் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகரும்), அடியில் தட்டு, அதன் மேல் ஜாடிகள். மூடியைப் பூட்டி, வெயிட் போடாமல், மூடியில் வெயிட் உட்காரும் குழாயிலிருந்து ஆவி தொடர்ந்து பீறிட ஆரம்பித்த பிறகு 10 நிமிடம் எண்ண வேண்டும். சமையல் குக்கரில் ஆவி வந்ததும் வெயிட்டைப் போட்டுப் பழகிய கை இங்கே அவசரப்படும். உள்ளே காற்று மிச்சமிருந்தால் மானி 10 காட்டினாலும் வெப்பம் 116 டிகிரியைத் தொடாது. மூடுவதற்கு முன் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து துளை தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஜாடியிலிருந்து நீர் பாதி வெளியேறி, பீன்ஸ் வெறும் காற்றில் நிற்பது அடுத்த பெரிய புகார். பழியைக் கேனர் மேல் போடுவார்கள். காரணம் பெரும்பாலும் தீ: அழுத்தம் ஏறி இறங்கி ஊசலாடினால் ஜாடிக்குள் நீர் பொங்கி வெளியே வரும். ஆறுவதை வேகப்படுத்தத் தண்ணீர் ஊற்றினாலும், வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டாலும் அதே கதை, கூடவே ஜாடி உடையவும் கூடும். ஜாடிக்குள் மேலே காலியாக விடும் இடமும் முக்கியம்: ஜாமுக்குக் கால் அங்குலம், பழத்துக்கும் தக்காளிக்கும் அரை அங்குலம், பிரஷர் கேனரில் போடும் காய், இறைச்சிக்கு ஒரு அங்குலம். ஜாடியின் தட்டை மூடியைப் பிடித்துவைக்கும் திருகு வளையத்தை விரல் நுனியால் திருகும் அளவுக்கே இறுக்குங்கள். முழு பலத்தோடு இறுக்கினால் உள்காற்று வெளியேற வழியின்றி மூடி புடைத்து மடங்கிப் போகும். நீர் பாதியோ அதற்கு மேலோ போன ஜாடியை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். நீர் கொஞ்சமே குறைந்த ஜாடி ஒழுங்காக ஒட்டியிருந்தால் கெட்டதாகாது, மேல்பகுதி நிறம் மங்கும், அவ்வளவுதான். அதைத்தான் முதலில் திறந்து பயன்படுத்த வேண்டும்.

இதே பாத்திரத்தைக் கொதிநீர் முறைக்கும் பயன்படுத்தலாம் என்பது பிரஸ்டோவுக்கு இன்னொரு மதிப்பெண். மூடியைப் பூட்டாமல் மேலே வைத்து, ஜாடிக்கு மேல் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி கொதிக்க விட வேண்டும். அது பி.எச். (புளிப்பை அளக்கும் எண்; எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.6 அல்லது அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு மட்டும்: பழம், ஜாம், வினிகர் ஊறுகாய். தக்காளி எல்லைக்கோட்டில் நிற்பது. குவார்ட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி, பைன்ட்டுக்கு ஒன்று என்று பாட்டில் எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். அல்லது குவார்ட்டுக்கு அரை தேக்கரண்டி, பைன்ட்டுக்குக் கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம். புதிதாகப் பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும் என்பதால்தான் பாட்டில் சாறு. பிரஷர் கேனரில் போட்டாலும் இந்த அமிலத்தைத் தவிர்க்க முடியாது. நசுக்கிய தக்காளி ஏழு குவார்ட்டுக்கு ஏறக்குறைய 10 கிலோ பழம் பிடிக்கும் என்பதையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிட வேண்டியவை: பால் சேர்த்த சூப், மாவு கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு வகைகள், அரிசி, பாஸ்தா, மசித்த பூசணி. எந்தக் கேனரும் இவற்றைக் காப்பாற்றாது. கெட்டியான பொருளின் நடுவுக்கு வெப்பம் எப்போது போய்ச்சேரும் என்று கணிக்க முடியாது. பூசணியைத் துண்டுகளாக மட்டும் போடலாம். எல்லாவற்றையும் செய்யும் எலெக்ட்ரிக் குக்கரில் கேனிங் பட்டன் இருக்கிறதே என்றால், அமெரிக்க வேளாண்மைத் துறையின் நேர அட்டவணைகள் அடுப்பில் வைக்கும் கேனருக்கு, அதுவும் குறைந்தது நான்கு குவார்ட் ஜாடி கொள்ளும் பாத்திரத்துக்குக் கணக்கிட்டவை. சின்னப் பாத்திரம் விரைவாகச் சூடாகி விரைவாக ஆறும். அட்டவணை அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுத்திருக்கிறது.

பீன்ஸ் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கேனரில் வெந்த பீன்ஸ் குழைவாகத்தான் இருக்கும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ஃப்ரீசர்தான். முதல் ஆண்டு இலக்கை இறைச்சி வேகவைத்த சாறு (பைன்ட் 20 நிமிடம், குவார்ட் 25), உலர் பயறு (75, 90), கேரட் (25, 30) என்று வைத்தால் ருசியில் இழப்பு குறைவு. சாறு ஈடு இருப்பதிலேயே எளிது, கைப்பழக்கம் வர ஏற்றது. கேரட் ஏழு குவார்ட்டுக்கு இலை நீக்கி 8 கிலோ ஆகும்.

மூடிகளின் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். ஜாடியும் திருகு வளையமும் திரும்பத் திரும்ப உதவும், தட்டை மூடி ஒரு முறைக்கு மட்டுமே. 104 பைன்ட் இலக்கென்றால் 104 மூடி, ஒட்டாமல் போகிறவற்றுக்கு இன்னும் ஒரு டஜன். ஜாடிகளை எடுத்து 12 முதல் 24 மணி நேரம் அசைக்காமல் விட்டு, பிறகு வளையத்தைக் கழற்றி மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழுந்தால் ஒட்டவில்லை. 24 மணி நேரத்துக்குள் புது மூடி போட்டு முழு நேரமும் மறுபடி வேகவைக்கலாம், அல்லது ஃப்ரிட்ஜில் வைத்து உடனே தீர்த்துவிடலாம். அலமாரியில் வைக்கும்போது வளையம் வேண்டாம். அது இருந்தால் விட்டுப்போன மூடியும் ஒட்டியதுபோல் உட்கார்ந்திருக்கும், அடியில் துருவும் பிடிக்கும். தேதியோடு ஈட்டின் எண்ணையும் மூடியில் எழுதுங்கள். ஒரு ஜாடி கெட்டால் அதே ஈட்டில் வந்த மற்ற பத்தொன்பதையும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வாங்கச் சொல்கிறோமா? பைன்ட் ஜாடியில், ஆண்டுக்கு ஐந்து முதல் இருபத்தைந்து ஈடு என்று கணக்கு வந்தால், ஆம். அதோடு சேர்த்து வாங்க வேண்டியவை: மூன்று துண்டு வெயிட், ஒரு உபரி ரப்பர் வளையம், இரண்டாம் அடுக்குக்கு ஒரு தட்டு, ஜாடி தூக்கும் இடுக்கி. ஈடு ஐந்துக்குக் கீழே என்றால் இந்த ஆண்டு கொதிநீரில் ஜாமும் தக்காளியும் போட்டுப் பழகுங்கள். அதற்கு வீட்டில் இருக்கும் ஆழமான பாத்திரமும், அடியில் வைக்க ஒரு தட்டும் போதும்.