விதைக்கு நாலு, கன்றுக்கு ஒன்று

கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு வீட்டில் 4 கஞ்சாச் செடி வளர்க்கலாம் என்று 2018 ஒக்டோபரில் சட்டம் வந்தது. எனக்குத் துணிவு வந்தது இந்த வருடம்தான், அதுவும் மகனின் பகிடி தாங்காமல். ஸ்காபரோவில் உரிமம் உள்ள கடையொன்றில் விதைப் பைக்கற் ஒன்றும், வேர்விட்ட கன்று ஒன்றும் வாங்கினேன்.

விதைக்கு 5க்கு 4 புள்ளி கொடுப்பேன். ஈரக் கடதாசியில் மடித்து வைத்த மூன்றில் இரண்டு மூன்றாம் நாளே முளைவிட்டன. மற்றது ஆறாம் நாள், சோம்பேறி. பைக்கற்றில் 'பெண்' என்று போட்டிருந்தது, அதற்குத்தான் காசு. சாதாரண விதையில் பாதிக்குப் பாதி ஆண் வரும். ஓர் ஆண் செடியைக் கவனிக்காமல் விட்டால் பெண் செடிகளின் பூவெல்லாம் விதை பிடித்துப் பழுதாகிவிடும்.

கன்றில்தான் ஏமாந்தேன், அதற்கு 1 புள்ளிதான். நல்ல உயரம், நல்ல பச்சை, கண் மயங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஐயா புகையிலைக் கன்று தெரிந்தெடுக்கும்போது உயரத்தைப் பார்க்கவே மாட்டார். தண்டை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். "நெட்டைக் கண்டு வெளிச்சத்தைத் தேடி ஓடினது, வேருக்கு ஒண்டும் சேர்த்து வைக்கேல்லை" என்பார். அது கடையில் ஞாபகம் வரவில்லை, வீட்டுக்கு வந்துதான் வந்தது. அடி இலையைத் திருப்பினால் ஊசி குத்தினது போல வெள்ளைப் புள்ளிகள், நரம்போரம் மெல்லிய வலை. சிலந்திப்பேன்! கடைக்காரப் பெடியன் மரியாதையாகத்தான் சொன்னான், உயிருள்ள சாமான் திருப்பி எடுக்கமாட்டார்களாம். கராஜில் தனியாக வைத்து மூன்று தரம் சவர்க்காரத் தண்ணீரில் கழுவினேன். பிழைத்தது, ஆனால் வளரவில்லை.

விதைச் செடிகளில் ஒன்று தடித்த தண்டும் நெருங்கிய கணுக்களுமாக நின்றது. பூ வைக்க முதல், யூலையில், அதன் கீழ்க்கிளை ஒன்றைச் சரிவாக வெட்டி நட்டு, பாதி சோடாப் போத்தலால் மூடினேன். 12 நாளில் வேர். இப்போது நிலவறையில் 18 மணி நேர விளக்கின் கீழ் நிற்கிறது. இருட்டு நேரம் குறைவாக இருக்கும்வரை அது பூக்காது, வேண்டியபோது புதுக் கன்றுக்குக் கிளை வெட்டலாம்.

ஆனால் வேர்விட்டால் அதுவும் ஒரு செடிதானே, கணக்கு 5 ஆகிவிட்டது. கடைக் கன்றைப் பிடுங்கி எறிந்தேன். சாடியை நன்றாகக் கழுவச் சொல்லி, மனிசி அதில் கறிவேப்பிலை வைத்துவிட்டா.