கரண்ட் நிண்டால் எது கைகொடுக்கும்: மொஷ்ஷா, டீமக்ஸா?

போன மாதம் ஒரு பின்னேரம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கரண்ட் நிண்டது. ரவுட்டர் அணைந்தது. என்ரை லப்டொப் பற்றரி கிழடு, இருபது நிமிசத்தில் அதுவும் போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூர்ச் சேர்வரில் டேற்றாபேஸ் மீட்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தூரத்துச் சேர்வரில் வேலை செய்ய மொஷ் (mosh) என்ற மென்பொருளைத்தான் பாவித்தேன், லைன் விட்டு விட்டு வந்தாலும் அது தொடர்பை விடாது. 'மொஷ்ஷில்தானே இருக்கிறன், அறாது' என்று தேத்தண்ணி போடப் போனேன்.

கரண்ட் வந்து திரும்ப லொகின் பண்ணினால், கைவிடப்பட்ட மொஷ் செஷன் ஒன்று இந்தச் சேர்வரில் கிடக்கிறது என்று ஒரு வரி, பக்கத்தில் அதன் பிராசஸ் இலக்கம். கிடக்கிறது சரி, உள்ளே போக வழியில்லை. மொஷ் முதலில் எஸ்எஸ்எச் (SSH, தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழமையான முறை) வழியாகத்தான் நுழையும். அங்கே ஒரு சாவியை வாங்கிக்கொண்டு, பிறகு 60000 முதல் 61000 வரையான யுடிபி போர்ட் (சேர்வரின் வலை வாசல்) ஒன்றில் பேசும். அந்தச் சாவி இருப்பது லப்டொப்பின் நினைவகத்தில் மட்டும். லப்டொப் அணைந்தால் சாவியும் போச்சு. மீட்பு முடிந்ததா, நடுவில் பிழை காட்டியதா என்று பார்க்க முடியாமல் அந்தப் பிராசஸைக் கொன்றுவிட்டு முதலில் இருந்து தொடங்கினேன்.

டீமக்ஸ் (tmux) சேர்வரிலேயே ஓடும் மென்பொருள். அதில் செஷன், அதாவது நாங்கள் திறந்து வைத்த வேலை, முழுக்கச் சேர்வரிலேயே இருக்கும். எந்தக் கணினியில் இருந்தும் எஸ்எஸ்எச்சில் போய் 'டீமக்ஸ் அட்டாச்' (tmux attach) என்று தட்டினால் விட்ட இடத்தில் நிற்கலாம். 2022இல் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்த ஊரில் எனக்கு இதுதான் தீர்ப்பு. சேர்வரையே ரீபூட் பண்ணினால் டீமக்ஸும் போகும், அதை மறக்கக்கூடாது.

வெறும் எஸ்எஸ்எச்சில் லைன் அறுந்தால் திரை உறைந்துவிடும். ஜன்னலை மூடவேண்டாம்: என்டர், டில்டே (~), புள்ளி என்று வரிசையாகத் தட்டினால் வெளியே வரலாம். எத்தனை செக்கனுக்கு ஒருக்கால் சேர்வர் உயிரோடிருக்கிறதா என்று கேட்பது என்ற எஸ்எஸ்எச் அமைப்பை, அதாவது சேர்வர் அலைவ் இன்டர்வலை (ServerAliveInterval), 30 என்று வைத்தால், மூன்று தரம் பதில் வராதபோது ஒன்றரை நிமிசத்தில் தானே அறுத்துக்கொள்ளும். டீமக்ஸ் வழமையாக 2000 வரிகளைத்தான் நினைவில் வைக்கும். 50000 ஆக்குங்கோ. ஆனால் மாற்றம் புதிதாகத் திறக்கும் பேன்களுக்கு (டீமக்ஸ் திரையின் பிரிவுகளுக்கு)த்தான் பொருந்தும், நான் அதில் அரை மணித்தியாலம் முழித்தேன்.

மொஷ்ஷை ஒதுக்கவில்லை. யாழ்தேவி ரயிலில் போகும்போது சிக்னல் வந்து வந்து போகும், ஐபி மாறும். மொஷ் அசையாது. தட்டிய எழுத்தை லைன் மெதுவென்றால் அடிக்கோடிட்டு உடனே காட்டும். மேலே உருட்டிப் பழைய வரிகளைப் பார்க்கத்தான் விடாது. யுடிபி போர்ட்டைத் திறக்க மாட்டோம் என்ற வாடிக்கையாளர்களிடம் அதை ஓட்டவும் முடியாது.

ஸ்கிரீன் (GNU Screen) என்ற மென்பொருள் 1987ஆம் ஆண்டுச் சாமான், டீமக்ஸின் வேலையைச் செய்யும். நான் நாலைந்து தரத்துக்கு மேல் தொட்டதில்லை.

இப்ப பயணத்தில் மொஷ்ஷுக்குள் டீமக்ஸ், வீட்டில் எஸ்எஸ்எச்சுக்குள் டீமக்ஸ். பற்றரி இன்னும் மாத்தவில்லை.