காசு கொடுத்துத் தடுப்பதா, வேலை கொடுத்து நிறுத்துவதா?

சிரிய அகதிகள் பக்கத்து நாடுகளிலேயே தங்கிவிட வேண்டும் என்பதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் இரண்டு பேரங்களைப் பேசியது.

மார்ச் 18-இல் துருக்கியுடன் பேசியது கறாரான பேரம். அனுமதியின்றி கிரேக்கத் தீவுகளில் கரையேறுவோரைத் துருக்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்படித் திரும்பும் ஒவ்வொரு சிரியருக்கும் ஈடாக, துருக்கியில் இருக்கும் ஒரு சிரியரை ஐரோப்பா ஏற்கும். மேலே 600 கோடி யூரோ வரை உதவி. துருக்கியர்களுக்கு விசா தளர்வு என்ற வாக்குறுதி வேறு (அது வாக்குறுதியாகவே நின்றுவிட்டது). கடல் கடப்போர் தொகை வேகமாகச் சரிந்தது உண்மை. ஆனால் கதவின் சாவி துருக்கித் தலைநகர் அங்காராவின் கைக்குப் போனது. 2020 பிப்ரவரி இறுதியில், சிரியாவின் இத்லிபில் துருக்கிப் படையினர் பலர் கொல்லப்பட்டதும், ஐரோப்பாவுக்குப் போகிறவர்களை இனித் தடுப்பதில்லை என்று எர்டோகன் அரசு அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் கிரேக்க எல்லையில் குவிந்தார்கள். கிரேக்கம் ஒரு மாதத்துக்குப் புகலிட விண்ணப்பங்களையே நிறுத்திவைத்தது. காசு கொடுத்தவர்தான் மிரட்டலுக்கும் ஆளானார்.

ஜோர்டானுடன் 2016 பிப்ரவரியில், சிரியாவுக்கான லண்டன் உதவி மாநாட்டில் பேசியது வேறு ரகம். சிரியர்களுக்கு 2 லட்சம் வேலைவாய்ப்புகள் வரை ஜோர்டான் திறந்துவிட வேண்டும். குறிப்பிட்ட தொழிற்பேட்டைகளில், தொடக்கத்தில் 15 சதவீதம் சிரியர்களை வைத்துச் செய்யும் பொருள்களுக்கு ஐரோப்பியச் சந்தையில் இறக்குமதி விதிகள் தளரும். ஏற்றுமதி எதிர்பார்த்த அளவில் நடக்கவில்லை. ஆடைத் தொழிற்சாலைகள் தொலைவில், சம்பளமும் குறைவு. பிள்ளைகளை விட்டுவிட்டு யார் போவார்? இருந்தாலும் நான் இதையே மேல் என்பேன். வயலிலும் கட்டட வேலையிலும் ஒளிந்து உழைத்த பலருக்கு, கையில் காட்ட ஒரு வேலை அனுமதிச் சீட்டாவது கிடைத்தது.