பச்சை பச்சையாக சார்ட் காட்டும் டிரேடிங் வகுப்புகள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஆன்லைன் டிரேடிங் வகுப்பு ஒன்றுக்கு 15,000 ரூபாய் கட்டினேன். நடத்துபவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வித்தையைப் பலர் செய்கிறார்கள், வித்தை தெரிந்தால் போதும்.

விளம்பர வீடியோவில் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டியின் 5 நிமிட சார்ட், அதாவது ஒவ்வொரு 5 நிமிட விலையும் ஒரு கட்டை (கேண்டில்). ஏறும்போது வரிசையாகப் பச்சை, இறங்கும்போது வரிசையாகச் சிவப்பு, நடுவில் நிறம் மாறுவதே அபூர்வம். "பச்சை வந்தா வாங்கு, சிவப்பு வந்தா வெளியே வா" என்பதுதான் மொத்தப் பாடமும். பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் விதியை ஓட்டிப் பார்ப்பது) என்று காட்டியதில் லாபக் கோடு மேலே மேலே போனது. அது சாதாரண கேண்டில் சார்ட் இல்லை, ஹெய்க்கின் ஆஷி என்ற வேறு வகை என்பதை எந்த வகுப்பிலும் வாய் திறக்கவில்லை. கேட்டவர்களுக்கு 'எங்க ஸ்பெஷல் செட்டிங்' என்று பதில்.

ஹெய்க்கின் ஆஷி கெட்டதல்ல. போக்கு எந்தப் பக்கம் என்று பார்க்க நல்ல கருவி. ஆனால் அதில் தெரிவது சந்தை விலை இல்லை, சராசரி. கேண்டிலின் முடிவு விலை என்பது அந்த 5 நிமிடத்தின் தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தது. தொடக்க விலையோ முந்தைய ஹெய்க்கின் ஆஷி கேண்டிலின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுப்புள்ளி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்தைய கேண்டில் 24,900-ல் தொடங்கி 24,940-ல் முடிந்தது என்று அந்த சார்ட் சொல்கிறது. இப்போது சந்தையில் நிஜமாக நடந்தது: தொடக்கம் 24,960, உச்சம் 25,010, தாழ்வு 24,950, முடிவு 25,000. ஹெய்க்கின் ஆஷி இதை 24,920-ல் தொடங்கி 24,980-ல் முடிந்ததாக வரையும். அந்த 5 நிமிடத்தில் 24,920-க்கு ஒரு வியாபாரம்கூட நடக்கவில்லை! அடுத்த கேண்டில் அதே சார்ட்டில் 24,950-ல் தொடங்கும். பேக்டெஸ்ட் அந்த விலைக்கு வாங்கியதாகக் கணக்கு எழுதிக்கொள்ளும். நீங்கள் ஆர்டர் போட்டால் 25,000-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். 50 புள்ளி வித்தியாசம். லாட் (ஒரே தடவையில் வாங்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) 75 ஆக இருந்தபோது ஒரு லாட்டுக்கு 3,750 ரூபாய், அதுவும் உள்ளே நுழையும்போது மட்டும்.

டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தில் பேக்டெஸ்ட் ஆர்டர்களை நிஜ விலையில் நிறைவேற்றச் சொல்லும் ஒரு டிக் செட்டிங்கில் இருக்கிறது. அவர்கள் சொன்ன அதே விதியை அந்த டிக்கைப் போட்டு ஓட்டினேன். லாபக் கோடு அப்படியே தலைகீழாகிவிட்டது.

இதை ஸ்க்ரீன்ஷாட்டோடு டெலிகிராம் குழுவில் கேட்டதற்கு, "உங்க சைக்காலஜி சரியில்ல சார்" என்றார் நடத்துபவர். வகுத்தல் கணக்கில் சைக்காலஜி எங்கே வந்தது? பணத்தைத் திருப்பிக் கேட்டேன், 'கல்வி நோக்கத்துக்கு மட்டும்' என்ற வரியைக் காட்டினார்கள். அப்புறம் குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

இந்த இடைவெளியில் 'அட்வான்ஸ்டு' வகுப்புக்கும் கூப்பிட்டார்கள். அது ரென்கோ என்ற இன்னொரு வகை சார்ட். விலை இத்தனை புள்ளி நகர்ந்தால்தான் அதில் ஒரு செங்கல் விழும், நேரக் கணக்கே கிடையாது. சந்தை நாள் முழுக்க மேலும் கீழும் அலைக்கழித்தது அதில் தெரியாமல் போகும். செங்கல் அளவை ஏடிஆரில் (விலை சராசரியாக எவ்வளவு அசைகிறது என்ற அளவு) விட்டால் பழைய செங்கற்களே மாற்றி வரையப்படலாம். டெமோவுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்.

டெமோவில் உட்கார்ந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதையே சாதாரண கேண்டிலுக்கு மாற்றிக் காட்டுங்க." மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். அவர்களுடைய நிஜ கான்ட்ராக்ட் நோட்டையும் (நடந்த வியாபாரத்துக்குப் புரோக்கர் தரும் சீட்டு) கேளுங்கள், லாப ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம்.

இன்னொன்று. நேரலைச் சார்ட்டை வைத்து 'இப்ப வாங்குங்க' என்று சொல்பவர் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். ரிசர்ச் அனலிஸ்ட் பதிவு எண் ஐஎன்எச் என்று தொடங்கும், செபி தளத்தில் சரிபார்க்கலாம். கல்வி மட்டும் தருகிறோம் என்பவர்கள் கடைசி மூன்று மாத விலையை வைத்துப் பங்கின் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி தெளிவாகவே சொல்லிவிட்டது.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். இப்படி மாட்டியவர்கள் பணம் கட்டிய ரசீதையும் விளம்பர வீடியோவையும் இப்போதே எடுத்து வையுங்கள், குழுவிலிருந்து தூக்கிவிட்டால் பழைய மெசேஜ்கள் கிடைக்காமல் போகலாம்.