தருமி அழவில்லை, நாம்தான் சிரித்தோம்

நாலு பேர் சினிமா பேச உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் இந்தச் சண்டை வந்துவிடும். "அழவைக்க யாராலும் முடியும், சிரிக்க வைப்பதுதான் கஷ்டம்" என்பார் ஒருவர். "அப்படியானால் காமெடியனைப் பெரிய நடிகர் என்று ஊர் ஒப்புக்கொள்வது அவர் அழுத பிறகுதானே?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் உதாரணத்துக்கு நாகேஷையே இழுப்பார்கள் என்பதுதான் வேடிக்கை.

நான் முதல் கட்சி. ஆனால் அந்தக் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் எனக்கு ஒத்துவராது. நேரம் தவறாமல் வசனம் சொல்ல வேண்டும், 'டைமிங்' பிறவியிலேயே வர வேண்டும் என்பார்கள். அழுகைக் காட்சிக்கு மட்டும் டைமிங் வேண்டாமா என்ன? எனக்குத் தோன்றும் வித்தியாசம் வேறு. அழுகிற நடிகருக்கு உதவிக்கு ஆள் நிறைய. வயலின் வரும், மழை வரும், கேமரா முகத்துக்கு அருகில் வந்து காத்திருக்கும், அதற்கு முன் இரண்டு மணி நேரக் கதை அவருக்காக அழுதுகொண்டே வந்திருக்கும். சிரிக்க வைக்கிறவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. பின்னணி இசை கொஞ்சம் மூக்கை நுழைத்தாலும் காட்சி படுத்துவிடும். அவருக்கு இருக்கும் ஒரே துணை, எதிரே நிற்கும் ஆள்.

காதலிக்க நேரமில்லை (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி இதற்குச் சரியான சான்று. கதை சொல்வது நாகேஷ். ஆனால் ஒருமுறை நாகேஷை விட்டுவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள். கண், கழுத்து, நாற்காலியில் உடம்பு பின்வாங்கும் விதம் எல்லாம் நிஜமாகவே பயந்த மனிதனுடையவை. அவர் ஒரு நொடி "நான் காமெடி பண்ணுகிறேன்" என்று நினைத்திருந்தால் நாகேஷின் அத்தனை உழைப்பும் வீண். இத்தனைக்கும் பாலையா சினிமாவுக்குள் வந்தது 1936-ல், வில்லனாக. நாம் கொண்டாடும் காமெடிக் காட்சியின் பாதியை ஒரு பழைய வில்லன் சீரியஸாக நடித்துக் கொடுத்திருக்கிறார்.

திருவிளையாடல் (1965) தருமியும் இதே கணக்குதான். சபையில் பாட்டில் குற்றம் என்று அவமானப்பட்டு வந்து, பாட்டு எழுதிக் கொடுத்தவரைக் காணோமே என்று தனியாகப் புலம்புகிறான் ஓர் ஏழைப் புலவன். அவன் நிலைமையை வசனம் இல்லாமல் எழுதிப் பாருங்கள், அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது. நாகேஷும் அதைத் துக்கமாகத்தான் நடிக்கிறார். கொஞ்சம் வேகம் கூட்டி நடிக்கிறார், அவ்வளவுதான். எதிரே, பாட்டு எழுதிக் கொடுத்த சிவனாகச் சிவாஜி. பலே பாண்டியாவில் (1962) மூன்று வேடம் கட்டிச் சிரிக்க வைத்தவர் என்றாலும், சிவாஜியின் ஆகச் சிறந்த நகைச்சுவைப் பங்களிப்பு தருமிக்கு முன்னால் சிரிக்காமல் நின்றதுதான் என்பேன். சிவாஜி ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அதே நாகேஷ் எதிர்நீச்சலில் (1968) மாடிப்படி மாது. ஒண்டுக்குடித்தன வீட்டில் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து சோறு வாங்கிச் சாப்பிட்டுப் படிக்கிற அநாதை. தருமியையும் மாதுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஒரே ஆள்தான் தெரிகிறான். இருவரும் ஏழைகள், இருவருக்கும் அடுத்தவர் தயவு வேண்டும், இருவருக்கும் மானம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மாதுவுக்கு வேகம் குறைத்திருக்கிறார், அதனால் நமக்குச் சிரிப்பு வரத் தாமதமாகி அந்த இடத்தில் வேறெதோ வந்துவிடுகிறது.

1994 என்ற ஒரே வருடத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் சுவாரசியம். மகளிர் மட்டும் படத்தில் நாகேஷுக்குப் பிணம் வேடம். வசனம் இல்லை, கண்ணைத் திறக்கக் கூடாது, மற்றவர்கள் தூக்கிப்போடும் பக்கமெல்லாம் சாய வேண்டும். அதே வருடம் நம்மவர் படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். தேசிய விருது எதற்கு வந்தது என்று சொல்லத் தேவையில்லை. நம்மவர் நடிப்பு விருதுக்குத் தகுதியானதுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் தருமி, தில்லானா மோகனாம்பாள் வைத்தி, காதலிக்க நேரமில்லை செல்லப்பா எல்லாம் முடிந்து கால் நூற்றாண்டு கழித்து, சிறந்த துணை நடிகர் என்ற பெயரில், அழுத வேடத்துக்கு. மனோரமாவுக்கும் இதே கதைதான். தில்லானா மோகனாம்பாளின் ஜில் ஜில் ரமாமணியைப் பார்த்து நாடே சிரித்தது, தேசிய விருது வந்தது புதிய பாதைக்கு (1989). மைனாவுக்காகத் தம்பி ராமையா, அழகர்சாமியின் குதிரைக்காக அப்புக்குட்டி என்று இந்த வரிசை அப்படியே நீள்கிறது. நம் ஊர் மாநில விருதில் நகைச்சுவை நடிகருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அது மரியாதையா, தனிப் பந்தியா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

சரி, எதிர்ப்பக்கம் போவோம். நாயகர்கள் காமெடிக்கு வரும்போது என்ன நடக்கிறது? கமலையும் ரஜினியையும் எடுத்துக்கொள்கிறேன். இதில் என் தீர்ப்பு பலருக்குப் பிடிக்காது.

கமல் காமெடியைக் கட்டுகிறார். மைக்கேல் மதன காமராஜனில் (1990) நாலு பேருக்கு நாலு நடை, நாலு பேச்சு. பாலக்காட்டுத் தமிழ் பேசும் காமேஸ்வரன் சாம்பாருக்குள் மீன் விழுந்ததைக் கண்டு தவிக்கும் தவிப்பு இன்றைக்கும் அலுக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சமையல்காரனுக்கு அது உயிர்போகிற பிரச்சினை. கிரேஸி மோகனின் வசனம் பாதி வேலையை முடித்துவிடுகிறது என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த வசனம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கும், வேகமாகச் சொன்னால் புரியாது, மெதுவாகச் சொன்னால் சிரிப்பு வராது. அந்தக் கயிற்றில் நடக்கக் கமலுக்குத் தெரியும். அவர் தடுமாறுவது கட்டுமானம் வெளியே தெரியும்போது. தெனாலியில் (2000) எனக்கு ஆளைவிட அந்த இலங்கைத் தமிழ் உச்சரிப்புதான் முன்னால் நின்றது. பஞ்சதந்திரத்தில் (2002) ஐந்து பேரில் ஒருவராகக் கலந்து, மற்ற நால்வருக்கும் இடம் விட்டு விளையாடும்போது அவர் எவ்வளவோ லேசாக இருக்கிறார்.

ரஜினி கட்டுவதில்லை, கழற்றுகிறார். முள்ளும் மலரும் (1978) காளியின் முறைப்பு நினைவிருக்கும். மூன்று வருடம் கழித்து தில்லு முல்லுவில் (1981) மீசை வைத்த இந்திரனாகவும் மீசை இல்லாத சந்திரனாகவும் தேங்காய் சீனிவாசனிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது, அந்த முறைப்பைக் கழற்றி வைத்துவிட்டார். அவர் பெரிய ஆளான பிறகும் இது தொடர்ந்தது. தம்பிக்கு எந்த ஊரு (1984), அண்ணாமலை (1992) இரண்டிலும் மேலே பாம்பு ஏறும் காட்சி உண்டு. நூறு பேரை அடிக்கிறவர் ஒரு பாம்பிடம் வெலவெலத்துப் போகிறார், வெட்கமே இல்லாமல். தன் கெத்தை விட்டுக்கொடுக்கும் மனசு நட்சத்திரங்களில் ரொம்பப் பேருக்கு வராது. அதனால் வெறும் நகைச்சுவை என்று மட்டும் பார்த்தால் என் ஓட்டு ரஜினிக்கு. சீரியஸ் வேடத்தில் ஒப்பிட்டால் போட்டியே இல்லை, கமல்தான்.

ஆனால் இரண்டையும் ஒரே காட்சியில் காட்டியது கமல் என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் பிறையில் (1982) குழந்தை மனசுள்ள விஜியைச் சிரிக்க வைக்கச் சீனு குரங்கு மாதிரி ஆடிக் காட்டுவான். கடைசியில் ரயில் நிலையத்தில், குணமாகிப் போகும் அவளுக்கு அடையாளம் தெரியட்டும் என்று அதே ஆட்டத்தை மறுபடி ஆடுகிறான். அவளுக்குத் தெரியவில்லை. அசைவு அதேதான், நடிகர் அதே ஆள்தான். முன்பு சிரித்தவள் இப்போது ரயிலோடு போகிறாள். சிரிப்பு நடிப்பு வேறு, அழுகை நடிப்பு வேறு என்று வாதாடுகிறவர்களிடம் நான் முதலில் நீட்டும் காட்சி இது.

அப்புறம் இந்தத் தலைமுறையின் பஞ்சாயத்து: வடிவேலுவா, சூரியா? 2023-ல் மூன்று மாத இடைவெளியில் இரண்டு பேரும் முழுக்க சீரியஸாக வந்தார்கள். விடுதலை முதல் பாகத்தில் சூரி, மாமன்னனில் வடிவேலு. "காமெடியன்களுக்குள் ஒளிந்திருந்த நடிகன்" என்று இருவரையும் ஒரே வரியில் பாராட்டிவிட்டுப் போனார்கள். இருவரும் செய்தது நேர்மாறான இரண்டு காரியங்கள்.

சூரியின் காமெடி வாயில் இருந்தது. ஓயாத பேச்சு, தப்பும் தவறுமான இங்கிலீஷ், நாயகனுக்குப் பக்கத்தில் நின்று போடும் வரிகள். வெண்ணிலா கபடிக்குழு (2009) பரோட்டா சாப்பிடும் காட்சியைத் தவிர்த்துவிட்டால் உடம்பை வைத்து அவர் செய்த காமெடி எனக்கு அதிகம் நினைவில் இல்லை. வெற்றிமாறன் செய்தது ரொம்ப எளிது: பேச்சைப் பிடுங்கிவிட்டார். கரடி தாக்கிய பெண்ணைக் காப்பாற்றியதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள், கான்ஸ்டபிள் குமரேசன் கேட்க மறுக்கிறான். அந்தப் பாத்திரத்தின் பலமே சொல்லாத ஒரு வார்த்தைதான். கொட்டுக்காளியில் (2024) இன்னும் ஒரு படி மேலே போய், தொண்டையில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு கரகரத்த குரலோடு வருகிறார். பேசிப் பேசியே பேர் வாங்கியவருக்குக் குரலே இல்லை. பழைய சூரியைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் புது ஆளை வைத்திருக்கிறார்கள், அது வேலை செய்கிறது.

வடிவேலுவிடம் இதைச் செய்ய முடியாது. அவர் காமெடி உடம்பு முழுக்க இருக்கிறது. நெஞ்சு நிமிரும், எதிராளி ஒரு அடி முன்னால் வைப்பார், நெஞ்சு உள்ளே போகும், தோள் சரியும், கண் தப்பிக்க வழி தேடும். கைப்புள்ளயில் (வின்னர், 2003) அதுதான், நாய் சேகரில் (தலைநகரம், 2006) அதுதான். அடி வாங்குகிற, பயப்படுகிற, பயத்தை மறைக்க உதார் விடுகிற மனிதன். இந்த உடம்பைத் துடைக்க முடியாது, நாம் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறோம். மாமன்னனில் மாரி செல்வராஜ் துடைக்கவும் முயலவில்லை. சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் கட்சிக்காரன் முன்னால் உட்கார முடியாமல் நிற்கிறவன் உடம்பில் அதே கூனல், அதே தோள். மகன் உட்காரச் சொல்லும்போது அந்தக் கண் அதே மாதிரிதான் தப்பிக்க வழி தேடுகிறது. வேகத்தை மட்டும் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். முதல் ஐந்து நிமிடம் நமக்கு வாய் சிரிக்கத் தயாராகி, பிறகு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. இத்தனை வருடம் எந்த உடம்பைப் பார்த்துச் சிரித்தோம் என்று அப்போதுதான் உறைக்கிறது.

இதில் வடிவேலுவுக்குப் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை என்பது என் எண்ணம். தேவர் மகனில் (1992) கோயில் பூட்டைத் திறக்கப்போய்க் கையை இழந்த இசக்கி அதைப் பற்றி ஆஸ்பத்திரியில் பேசும் இடத்தைப் பாருங்கள். வேடிக்கையாகத்தான் பேசுகிறான், தாங்க முடியாது. முப்பது வருடம் அதை யாரும் மறுபடி கேட்கவில்லை. கொஞ்சம் நம் தப்பும் உண்டு, நாமும் கைப்புள்ளயைத்தான் கேட்டோம்.

இரண்டில் எது பெரிது? சூரியின் மாற்றம் அதிக உழைப்பு, வடிவேலுவினுடையது அதிக ஆழம் என்பேன். சூரி அடுத்து என்ன வேடம் போட்டாலும் நம்புவேன். வடிவேலுவுக்கு ஒவ்வொரு முறையும் அவர் உடம்பைப் புரிந்த இயக்குநர் வேண்டும்.

மண்டேலாவில் (2021) யோகி பாபு இவர்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ செய்தார். முகத்தில் ஒன்றுமே காட்டாமல் நின்றார், மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. அந்த வழியில் அவர் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம். காமெடியன் கதாநாயகனாகிச் சண்டை போடும் படங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது நடிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

ஆண்களைப் பற்றியே பேசிவிட்டேன், இந்த விவாதத்தில் எப்போதும் நடக்கிற தப்பு. இரண்டு பக்கத்திலும் முழுக் கையோடு ஆடுகிற ஒருவர் பெயர் சொல்லச் சொன்னால் நான் ஊர்வசி என்பேன். காமேஸ்வரனுக்கு ஜோடி திரிபுரசுந்தரி அவர்தான், மகளிர் மட்டுமில் அந்தப் பிணத்தோடு திண்டாடிய மூவரில் ஒருவரும் அவர்தான். 2020 தீபாவளியை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 12 சூரரைப் போற்று, நவம்பர் 14 மூக்குத்தி அம்மன், இரண்டும் நேராக வீட்டுக்கே வந்தன. இரண்டிலும் ஊர்வசி நாயகனுக்கு அம்மா. ஒன்றில், அப்பா சாவுக்கு வந்து சேர முடியாத மகனைப் பார்த்ததும் வெடிக்கிறார். இன்னொன்றில், வீட்டுக்கு அம்மனே வந்த பிறகும் வாய் ஓயாமல் பேசுகிறார். மூச்சு விடாமல் வார்த்தைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக்கொண்டே போய், நடுவில் சட்டென்று நிறுத்துகிறாரே, அந்த நிறுத்தம் இரண்டு படத்திலும் இருக்கிறது. முதலில் பார்த்ததில் அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. இரண்டு நாள் கழித்து, கிட்டத்தட்ட அதே நிறுத்தத்துக்கு வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.