பழைய வீட்டு ஜன்னல் வரியைத் திரும்ப எடுக்க ஸ்பிண்டில் மோல்டர் சரிப்படுமா?

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பழைய வீடு புதுப்பிக்கும் வேலை எடுக்கிற ஆசாரிகளுக்கு வரும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி முப்பது ஜன்னல் இருக்கும். நாலு செல்லரித்துப் போயிருக்கும். அந்த நாலையும் மீதி இருபத்தாறோடு ஒட்டிப்போகிற மாதிரி செய்ய வேண்டும். சட்டத்தின் ஓரத்தில் ஓடும் வரி (அலங்கார வெட்டு), பலகை உட்காரும் காடி (பள்ளம்), கதவு மோதி நிற்கும் ரீபேட் (படிவெட்டு), மூன்றும் பழசோடு பொருந்த வேண்டும். கடையில் விற்கும் ரூட்டர் (கையில் பிடித்து ஓரம் வெட்டும் மெஷின்) பிட்டில் அந்த வரி இருக்காது. வரி இழைப்புளியில் கையால் எடுக்கலாம், ஆனால் அதைத் தீட்டத் தெரிந்த கை இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை.

இந்த வேலைக்குத்தான் ஸ்பிண்டில் மோல்டர். மேசை நடுவில் ஒரு தண்டு செங்குத்தாக நிற்கும். அதில் கத்திகளைப் பிடித்துச் சுழலும் கட்டர் பிளாக்கை மாட்டி, பின்னால் மரம் சாய்ந்து ஓடும் தடுப்பாகிய கைடு வைத்து, மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். இங்கே பார்ப்பது சின்னப் பட்டறைகளுக்கு விற்கப்படும் ரகம்: 30 மி.மீ. தண்டு, 3 முதல் 5 எச்.பி. மோட்டார், பெல்ட்டை மாற்றி வேகம் மாற்றும் படிப் புல்லி, வார்ப்பிரும்பு மேசை. கம்பெனிப் பெயர் எதுவானாலும் இந்த ரகத்தின் பலமும் பலவீனமும் ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் பலம். மேசையும் தண்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மேசை கனமாக இருக்க வேண்டும். கனம்தான் அதிர்வைக் குடிக்கும். அடிப்பாகம் மெல்லிய தகடாக இருந்தால் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியே ஆக வேண்டும். தண்டை ஏற்றி இறக்கும் சக்கரத்தில் கொஞ்சம் லூசு இல்லாத மெஷின் கிடையாது. அதற்கு வழி எளிது: அளவுக்குக் கீழே இறக்கிவிட்டு, மேல்நோக்கி ஏற்றிக்கொண்டே அளவில் நிறுத்தி லாக் போடுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் ஓட்டத்தில் தண்டு இன்னும் சற்று கீழே உட்கார்ந்துவிடும். பத்தாவது சட்டத்தில் காடி அரை மில்லி தள்ளிப்போயிருக்கும்.

பலவீனம் கைடில் இருக்கிறது. விலை குறைவான மாடல்களில் கைடின் இரண்டு பாதியும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. இறுக்கும்போது ஒன்று முன்னே வரும், அல்லது மேசைக்கு மூலைமட்டம் தப்பும். மூன்றடி நேர்ப்பட்டையை இரண்டு பாதி மேலும் சாய்த்துப் பாருங்கள், வெளிச்சம் தெரிந்தால் சரிசெய்யாமல் வேலை தொடங்கக் கூடாது. நல்ல மருந்து, கைடு முழுநீளத்துக்கும் 18 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றைத் திருகிவிடுவது. மெஷினை ஓட விட்டு, பட்டையோடு கைடை மெல்லப் பின்னுக்கு நகர்த்தினால் கட்டர் தனக்கு வேண்டிய வாயைத் தானே வெட்டிக்கொள்ளும். இரண்டு பாதிக்கும் நடுவே உள்ள பள்ளம் மூடிவிடுவதால் சட்டத்தின் நுனி அதில் விழுந்து அடி வாங்குவதும் நின்றுவிடும். பட்டை பேசாமல் கைடை விடக் கெட்டியாக வேலை செய்யும்!

ஓரம் முழுவதையும் சீவி எடுக்கும் வரியானால் இந்தப் பட்டை மட்டும் போதாது. கைடின் வலப்பக்க முன்பாதியைத் தாண்டிய மரம் எவ்வளவு சீவப்பட்டதோ அவ்வளவு இடப்பக்கப் பாதி முன்னே வந்து தாங்க வேண்டும். அதை மறந்தால் மரம் முன்பாதியை விட்டு நீங்கும் கடைசி நாலு அங்குலத்தில் பள்ளம் விழும். சட்டத்தின் வால் பக்கம் மட்டும் வெட்டு ஆழமாக இருப்பதாகப் புகார் வந்தால் காரணம் இதுதான். கத்தியைக் குறை சொல்ல வேண்டாம்.

வேகத்துக்கு வருவோம். இந்த மெஷின்களில் 3000 முதல் 10000 சுற்று வரை படிகள் இருக்கும். சுற்றை மட்டும் பார்த்து ஓட்டக் கூடாது, கத்தி முனை விநாடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதே கணக்கு. விட்டத்தை மி.மீ.யில் எடுத்து 3.14-ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60,000-ஆல் வகுத்தால் விடை வரும். 40-க்கும் 70-க்கும் நடுவே இருக்க வேண்டும். 125 மி.மீ. பிளாக் 6000-இல் 39 மீட்டர், அதாவது விளிம்பில். 8000-இல் 52, நல்ல வேகம். 150 மி.மீ. பிளாக்கை 10000-இல் ஓட்டினால் 78 ஆகிவிடும், அது பிளாக்கின் தாங்குதிறனோடு விளையாடுவது. குறைந்தாலும் ஆபத்துதான்: ஒவ்வொரு கத்தியும் பெரிய துண்டாகக் கடிக்கும், மரம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்னால் பாயும். சின்னக் காடி கட்டருக்கு உயர்ந்த வேகத்தில் பெல்ட்டைப் போட்டுவிட்டு, மறுநாள் அதே நிலையில் பெரிய பிளாக்கை மாட்டுவதுதான் பட்டறைகளில் நடக்கும் தவறு. எந்தப் பிளாக்குக்கு எந்தப் படி என்று சாக்பீஸில் அல்ல, பெயின்டில் மெஷின் மேலேயே எழுதி வையுங்கள்.

மெஷினோடு இலவசமாக வரும் சதுர பிளாக், அதாவது பட்டைக் கத்தியை இரண்டு போல்ட்டில் இறுக்குவது, வேண்டவே வேண்டாம். கத்தி எவ்வளவும் வெளியே நீளலாம், கழன்றால் பறந்துவிடும். கையால் தள்ளும் வேலைக்குக் கத்தி பிளாக்கின் உடம்பைவிட அதிகபட்சம் 1.1 மி.மீ. மட்டுமே துருத்தி நிற்கும் வட்ட பிளாக்தான் சரி. அதில் கையால் தள்ளலாம் என்பதற்கு அடையாளமாக ‘மேன்’ (MAN) என்று பொறித்திருக்கும். வரிக் கத்திக்கு 40 மி.மீ. உயரப் பிளாக் வாங்கிக்கொண்டால் கத்தி மட்டும் மாற்றினால் போதும். இரண்டு சிறு முளைகள் கத்தியைப் பிடித்திருப்பதால் அது நழுவாது, கூடவே கடியின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் தகடு உண்டு. ரீபேட்டுக்கு 125 மி.மீ. விட்டம், 50 மி.மீ. உயரத்தில் கார்பைடு முனை போட்ட பிளாக். தேக்கில் சிலிகா இருப்பதால் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கத்தி சீக்கிரம் மழுங்கும். தினசரி ரீபேட்டுக்கும் காடிக்கும் கார்பைடே லாபம். நம் கையால் அரைத்து வரி எடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் எச்.எஸ்.எஸ்.

அந்த வரி அரைப்பதில்தான் இந்த மெஷினின் முழு மதிப்பும் இருக்கிறது, ரூட்டர் டேபிளால் முடியாததும் இதுதான். செல்லரித்த ஜன்னலில் கெடாத ஓரிடத்தில் குறுக்கே ஒரு துண்டு அறுத்து எடுங்கள். பெயின்ட்டைச் சுரண்டிவிட வேண்டும். பல பூச்சுப் பெயின்ட் வரியின் பள்ளத்தை நிரப்பி உருவத்தையே மாற்றியிருக்கும். துண்டைக் காகிதத்தில் வைத்து வரையுங்கள். இப்போது ஒரு விஷயம்: காகிதத்தில் இருக்கும் உருவத்தை அப்படியே கத்தியில் அரைத்தால் வரி பொருந்தாது. கத்தி பிளாக்கில் மையத்தைப் பார்த்து நேராக நிற்பதில்லை, சாய்ந்து நிற்கிறது. அதனால் கத்தியில் ஆழம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கத்தி முனையின் ஆரம் 60 மி.மீ., சாய்வு 20 டிகிரி என்றால் மரத்தில் 10 மி.மீ. ஆழம் வர கத்தியில் சுமார் 10.8 மி.மீ. வேண்டும். அகலம் மாறாது, ஆழம் மட்டும் நீளும். அந்த 0.8 மி.மீ.யை விட்டால் புது வரி பழைய வரியைவிடச் சப்பையாகத் தெரியும். பாலிஷ் போட்ட பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யார் கண்ணுக்கும் தெரியும். ஜோடிக் கத்தி இரண்டையும் கிராம் தராசில் நிறுத்து, கனமாக இருப்பதன் பின்பக்கத்தை அரைத்துச் சமன் செய்யுங்கள்.

காடியில் வரும் தொல்லை நூலுக்கும் மில்லிக்கும் நடுவே வருவது. பழைய வேலை எல்லாம் நூல் கணக்கு, ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பலகையின் நாக்கு நாலு நூல் என்றால் 12.7 மி.மீ. கடையில் வாங்கும் காடி கட்டர் 12 மி.மீ. பழைய பலகையைப் புதுச் சட்டத்தில் அடித்து இறக்கினால் சட்டம் பிளக்கும், அல்லது பலகை அசையாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு தட்டாகப் பிரியும் அட்ஜஸ்டபிள் கட்டரும் தட்டுகளுக்கு நடுவே வைக்கும் 0.1, 0.2, 0.5 மி.மீ. மெல்லிய வளையமான ஷிம்மும் வாங்குங்கள். 12-இல் வைத்து 0.5-உம் 0.2-உம் சேர்த்தால் 12.7. அதற்கு மேல் காகிதத் தடிமன் ஒன்று கூடினால் பலகை தானாக நழுவி உட்காரும். ஆழத்திலும் 2, 3 மி.மீ. சும்மா விடுங்கள், பலகைக்குப் பசை போடாதீர்கள். வைகாசி வெயிலில் சுருங்கி ஐப்பசி மழையில் ஊதும் பலகைக்கு அந்த இடம்தான் மூச்சு.

நிலை ரீபேட் பொதுவாக அரை அங்குல ஆழம், கதவின் தடிமன் அளவுக்கு அகலம். 3 எச்.பி. மெஷினில் ஒரே தள்ளில் எடுக்க முயன்றால் மோட்டார் முனகும், தேக்கு நார் பிய்த்துக்கொண்டு வரும். 8 மி.மீ. ஒரு தரம், மிச்சம் ஒரு தரம். குறுக்குச் சட்டத்துக்கு முனைப்பக்க வெட்டை முதலில் முடித்துவிட்டு நீளப்பக்கத்துக்கு வாருங்கள். முனைப்பக்கத்தில் பின்னால் உதிரும் பிசிறை அடுத்த வெட்டு எடுத்துவிடும். கணு இருக்கும் இடத்தில் தள்ளும் கையை மெதுவாக்கலாம், நிறுத்தக் கூடாது. நின்றால் அங்கே கருகிய தடம் விழும்.

மேற்பரப்பு ஏன் அலை அலையாக வருகிறது என்று கேட்பவர்களுக்கு: நிமிடத்துக்கு 6 மீட்டர் தள்ளி, 6000 சுற்றில் இரண்டு கத்தியும் சமமாக வெட்டினால் தடத்துக்குத் தடம் அரை மில்லி. ஒரு கத்தி மட்டும் மயிரிழை நீண்டிருந்தால் அதுதான் கடைசித் தடத்தைப் போடும், இடைவெளி ஒரு மில்லி ஆகிவிடும், பாலிஷில் அப்படியே பளிச்சிடும். கையால் தள்ளும்போது வேகம் ஏறி இறங்குவதால் அலையும் ஏறி இறங்கும். மரத்தை மோட்டாரால் தானே தள்ளும் நாலு உருளை பவர் ஃபீடர் மாட்டினால் இது தீரும், கையும் கட்டரிலிருந்து விலகிவிடும். மெஷினுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் குறைத்து ஃபீடருக்கு வையுங்கள். குறைந்தபட்சம் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அழுத்தும் சீப்புப் பலகையாவது வேண்டும்.

பழைய மரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளிலும், இடிக்கிற வீடுகளிலும் வாங்கும் பர்மா தேக்கில் ஆணி ஒளிந்திருக்கும். தலை துருவாகி உதிர்ந்து உடம்பு மட்டும் உள்ளே நிற்பதைக் கண் பிடிக்காது. கையில் பிடிக்கும் சின்ன மெட்டல் டிடெக்டரால் நாலு பக்கமும் ஓட்டுங்கள், சுவரில் புதைந்திருந்த பக்கத்துச் சுண்ணாம்பையும் மணலையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். ஆணியில் மோதினால் கார்பைடு முனை சில்லாகத் தெறிக்கும். எச்.எஸ்.எஸ். கத்தியில் பல் விழும், பிறகு வெட்டும் ஒவ்வொரு சட்டத்திலும் நூல் போல ஒரு மேட்டுக்கோடு ஓடும். தேக்குப் பிசின் ஏறிய கட்டரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும், காஸ்டிக் வேண்டாம்.

வளைவு ஜன்னலுக்கு இதை வாங்குவதாக இருந்தால் யோசியுங்கள். கைடு இல்லாமல் பேரிங்கும் அச்சுப்பலகையும் வைத்து ஓட்ட வேண்டும், ஃபீடர் பயன்படாது, வளைவின் உச்சியில் நார் திசை மாறும் இடத்தில் மரம் உதைக்கும். ரூட்டருக்கே விட்டுவிடலாம். லட்சுமி, யானை, கிளி செதுக்கிய நிலைமேல் பலகைக்கும் இது உதவாது; நேராக ஓடும் வரிக்குத்தான் மெஷின். நவீன ஃப்ளஷ் கதவு மட்டும் செய்கிற பட்டறைக்கு இது இடத்தை அடைக்கும் இரும்பு.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. மும்முனை இணைப்பில் மீட்டரோ வயரிங்கோ மாற்றிய பிறகு இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருந்தால் தண்டு தலைகீழாகச் சுற்றும். கத்தியின் முதுகு மரத்தை அடிக்கும், தண்டின் நட் கழல ஆரம்பிக்கும். எந்த மின்வேலைக்குப் பிறகும் பிளாக்கைக் கழற்றிவிட்டு ஒரு விநாடி சுவிட்ச் போட்டுத் திசை பாருங்கள். ஃபேஸ் வரிசை ரிலே ஒன்றைப் பேனலில் போட்டுவிட்டால் அந்தக் கவலையும் வேண்டாம். விலை குறைந்த மாடலில் பிரேக் இருக்காது, சுவிட்ச் அணைத்த பிறகும் பிளாக் வெகுநேரம் சுற்றும். மரக்கட்டையை அழுத்தி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 10 விநாடிக்குள் நிறுத்தும் பிரேக் உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். கையுறை, தோளில் துண்டு, தொங்கும் லுங்கி நுனி மூன்றும் மெஷின் பக்கம் வரக் கூடாது.

மெஷின் வந்து இறங்கிய அன்றே, லாரிக்காரர் நிற்கும்போதே மூன்று பார்த்துவிடுங்கள். தண்டைச் சுற்றி உள்ள மேசை வளையம் மேசையோடு சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். நகம் இடறினால் மரமும் இடறும். தண்டில் ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றுங்கள், முள் 0.02 மி.மீ.க்கு மேல் ஆடினால் திருப்பி அனுப்பலாம். கடைசியாகத் தண்டில் இடம் நிரப்பும் ரிங்குகளை எண்ணுங்கள். பிளாக்குக்கு மேல் தண்டு நிறையும் வரை ரிங் போட்டுத்தான் நட்டை இறுக்க வேண்டும். ரிங் குறைந்தால் நட் மரையின் அடியில் முட்டி நிற்கும், ஸ்பேனருக்கு இறுகிய மாதிரி இருக்கும், பிளாக் மட்டும் லூசாகவே இருக்கும்.