பழைய பாளை இடுக்கியா, வைஸ் கிரிப்பா: எது கோரிக்கையை வீழ்த்தும்?

பனம்பாளையை நசுக்க ஒரு புது இடுக்கி. அதற்குக் காப்புரிமை கேட்டு ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோரிக்கை என்பது எதற்கு உரிமை கேட்கிறார் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் வாசகம். முதல் கோரிக்கையில் நான்கு அம்சங்கள்: எதிரெதிரே இரண்டு தாடைகள், அவற்றை இணைக்கும் அச்சாணி, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு, கையை எடுத்தாலும் பிடி தளராமல் பூட்டிக்கொள்ளும் நெம்புகோல்.

உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறியிடம் காட்டினால், "இது எங்க தாத்தா காலத்துச் சாமாம்லா" என்பார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் புதுமை இல்லை என்று சொல்ல, கோரிக்கையின் எல்லா அம்சங்களும் பழைய கருவி ஒன்றிலேயே இருந்தாக வேண்டும். இதில் பாதி, அதில் பாதி என்று சேர்த்துக் காட்ட முடியாது.

பனையேறியின் மர இடுக்கியை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையில் கட்டிய இரண்டு கட்டைகள். நடுவில் பாளையை வைத்துக் கையால் நெருக்குவார்கள். வேலை அதேதான், ஆள் அதேதான், பனைமரமும் அதேதான். ஆனால் திருகு எங்கே, பூட்டு எங்கே? இல்லை. பார்வைக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், புதுமை என்ற கேள்வியில் இது தோற்றுவிடும்.

அடுத்தது ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் வைஸ் கிரிப், அதாவது பிடித்ததும் பூட்டிக்கொள்ளும் குறடு. அமெரிக்கரான வில்லியம் பீட்டர்சன் 1924-லேயே பூட்டும் நெம்புகோலோடு காப்புரிமை வாங்கிவிட்டார். தாடை, அச்சாணி, கைப்பிடி முனையில் திருகு, பூட்டு என நான்கும் அதில் இருக்கின்றன. பாளையைக் கண்ணால்கூடப் பார்க்காத கருவிதான். ஆனாலும் "பாளைக்காக" என்ற சொல் கருவியின் அமைப்பை மாற்றுவதில்லை. பாளையைப் பிடிக்க அது ஏற்றதாக இருந்தால் போதும். முதல் கோரிக்கையை வீழ்த்துவது இதுதான் என்பது என் முடிவு.

சரி, விண்ணப்பதாரர் சுதாரித்துக்கொண்டு "பாளையின் நீளத்துக்கு ஏற்ற தட்டையான மரத்தாடை" என்று சேர்த்தால்? வைஸ் கிரிப்பில் அது கிடையாது. புதுமை தப்பிவிடும். இப்போது கேள்வி, தொழில் தெரிந்தவருக்கு இது எளிதில் தோன்றக்கூடியதா என்பது. இங்கே இரண்டு கருவிகளையும் சேர்த்துப் பார்க்கலாம். மர இடுக்கிக்கு இப்போதுதான் மதிப்பு வருகிறது. மரத்தின் உச்சியில் இருப்பவருக்கு ஒரு கை மிச்சமானால் பெரிய உதவி. அதற்காக, ஏற்கெனவே தெரிந்த பூட்டை மர இடுக்கியில் மாட்டுவது கண்டுபிடிப்பு ஆகாது என்றே நினைக்கிறேன். பாத்திரம் கடையும்போது அதை லேத்தில் பிடித்து நிறுத்தும் அமைப்புக்குக் கொடுத்த காப்புரிமை செல்லாது என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்தத் திசையில்தான்: தெரிந்த பாகங்களைத் தெரிந்த வேலைக்குப் பொருத்துவது போதாது.

சாட்சியத்திலும் வித்தியாசம் உண்டு. வைஸ் கிரிப்புக்கு அச்சிட்ட ஆவணம் இருக்கிறது. மர இடுக்கிக்கு ஏடு எதுவும் தேவையில்லை. உள்ளூர்ச் சமூகத்தின் வாய்வழி அறிவையும் காப்புரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு ஏற்கிறது. பனையேறிகள் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். காப்புரிமை வழங்குமுன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். வழங்கிய அறிவிப்பு வெளியான பிறகு அதில் அக்கறையுள்ளவர் மட்டும்தான், அதுவும் 1 ஆண்டுக்குள்.